மாப் கட்டையில் ஒரு மால்ஸ்டிக்

33 வருடம் டிராயிங் போர்டின் மேல் குனிந்து கட்டட வரைபடம் போட்டவன் நான். படிக்கட்டு, ஜன்னல், கழிவுநீர்க் குழாய் என்று 0.3 மி.மீ. பேனாவால் இழுத்த கோடுகளைச் சேர்த்துக் கட்டினால் எத்தனை கிலோமீட்டர் வருமோ தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு ஆயில் பெயிண்ட் பழக ஆரம்பித்தேன். கேன்வாஸை ஈசலில், அதாவது படத்தை நிமிர்த்தித் தாங்கும் மரத் தாங்கியில், நிறுத்தி என் அக்காவின் முகத்தை வரைந்தேன். (ஈசல் என்று எழுதும்போதெல்லாம் மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் பூச்சிதான் எனக்கு நினைவு வருகிறது. வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.) நெற்றி, கன்னம், கழுத்து நிழல் எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. கடைசியில் கண்மணிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும், கடுகளவு. வைத்தேன், இமையில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மூக்கோரம் போனது. நாலாவது முறை துடைத்தபோது கண்ணே காணாமல் போய்விட்டது.

வயசாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மேசைக்குப் போய் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். பழையபடி சுத்தமாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது: அந்த 33 வருடமும் என் கை எதன் மேலாவது படுத்துக்கொண்டேதான் வேலை பார்த்திருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே பலகை, சுண்டுவிரலுக்குக் கீழே தாள். ஈசல் முன்னால் அதே கை அந்தரத்தில் தொங்குகிறது.

பழைய தொழில் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோளிலிருந்து பிரஷ் நுனிவரை எனக்குச் சுமார் 75 செ.மீ. தோள் ஒரு டிகிரி அசைந்தால் நுனி 13 மி.மீ. நகரும். மணிக்கட்டை எதன் மேலாவது வைத்துவிட்டால், அங்கிருந்து நுனிவரை 20 செ.மீ.தான். அதே ஒரு டிகிரிக்கு நுனி நகர்வது மூன்றரை மி.மீ. விரல்களை மட்டும் அசைத்தால் இன்னும் குறைவு. ஆரோக்கியமான கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய நடுக்கம் நொடிக்கு 8 முதல் 12 முறை ஓடிக்கொண்டேதான் இருக்கும். காபி, களைப்பு, பதற்றம் எல்லாம் அதைக் கூட்டும். அதை நிறுத்த முடியாது. நுனிவரை போய்ச் சேராமல் நடுவழியில் பிடித்துவைக்கலாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சும்மா மடியில் கிடக்கும்போது கை ஆடுகிறது, அல்லது திடீரென்று புதிதாக நடுக்கம் வந்திருக்கிறது என்றால், இங்கே நான் சொல்லப்போகும் கைதாங்கும் கோலைச் செய்வதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கைக்குத் தாங்கல் கொடுக்க ஓவியர்கள் வைத்துக்கொள்ளும் குச்சிக்கு மால்ஸ்டிக் என்று பெயர். டச்சு மொழியின் மால்ஸ்டாக் என்ற சொல்லிலிருந்து வந்தது. வரையும் குச்சி என்று பொருள். காத்தரீனா வான் ஹெமெசென் என்ற ஓவியர் 1548இல் ஈசல் முன் உட்கார்ந்திருக்கும் தன்னையே வரைந்த ஒரு சின்னப் படம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனக்கு வயது 20 என்று படத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார். அவர் கையிலும் இந்தக் குச்சி. டச்சு ஓவியர் வெர்மீர் ஓர் ஓவியனை முதுகுப்பக்கமிருந்து காட்டும் படத்திலும் அவன் கை குச்சிமேல்தான் இருக்கிறது. 1960இல் அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்துகொள்வதாகப் போட்ட வேடிக்கைப் படத்திலும் அப்படியே. எதற்குச் சொல்கிறேன் என்றால், குச்சி வைத்துக்கொள்வது கையாலாகாதவன் வேலை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இருபது வயதுப் பெண்ணுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

கோல் எடுப்பதற்கு முன்

ஈசலை ஒரு விரலால் தட்டுங்கள். கேன்வாஸின் மேல் விளிம்பு ஆடுகிறதா? அப்படியானால் உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். என் ஈசலின் பின்கால் அரை செ.மீ. குட்டையாக இருந்தது. அட்டை மடித்து வைத்ததில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வரைய வேண்டிய இடம் நெஞ்சு உயரத்துக்கு வருமாறு கேன்வாஸை ஏற்றி இறக்குங்கள். தலைக்கு மேலே கை தூக்கி நுணுக்க வேலை செய்தால் எந்தக் கோலும் காப்பாற்றாது.

பெயிண்டையும் பாருங்கள். ட்யூபிலிருந்து வந்த கெட்டிப் பெயிண்டை மெல்லிய பிரஷில் எடுத்தால் அது இறங்காது. இறங்காததால் அழுத்துவோம், அழுத்தினால் கை நடுங்கும். நுணுக்கக் கோட்டுக்குப் பெயிண்ட் மை மாதிரி ஓட வேண்டும். மயிர் நீளமான லைனர் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். குட்டை மயிர் பிரஷ்தான் நுணுக்கத்துக்கு ஏற்றது என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். குட்டை மயிர் ஒவ்வொரு நடுக்கத்தையும் அப்படியே கேன்வாஸில் எழுதிவிடும். நீள மயிர் பின்னால் இழுபட்டு வருவதால் சின்ன ஆட்டங்களை விழுங்கிவிடும்.

குச்சி

நல்ல குச்சிக்கு இரண்டு குணம் வேண்டும்: வளையக் கூடாது, கனக்கக் கூடாது. கை வைத்ததும் தொய்கிற குச்சி தூளி மாதிரி ஆடும். அதற்கு வெறுங்கையே மேல்.

நான் செய்யும் சோதனை இது. இரண்டு நாற்காலிகளை 80 செ.மீ. இடைவெளியில் போட்டு, குச்சியின் இரு முனைகளையும் அவற்றின் மேல் வையுங்கள். நடுவில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நடுப்பகுதி ஒரு செ.மீ.க்கு மேல் தொய்ந்தால் அந்தக் குச்சி வேண்டாம். 12 மி.மீ. உருண்டை மரக்குச்சி இந்தச் சோதனையில் ஏறக்குறைய அந்த ஒரு செ.மீ. எல்லையில் நிற்கும். 16 மி.மீ. குச்சி அதில் மூன்றில் ஒரு பங்குதான் தொய்யும். நாலு மி.மீ.யில் இவ்வளவு வித்தியாசமா என்றால், ஆமாம். விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். உத்தரக் கணக்கு போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

நான் முயன்றவற்றைச் சொல்கிறேன். மூங்கில் அருமை. உள்ளே வெற்றிடம், அதனால் எடையில்லை; விறைப்பு உண்டு. கணுக்கள் மட்டும் மணிக்கட்டில் இடறும், அவற்றை அரம் வைத்துத் தேய்த்து உப்புத்தாள் போட வேண்டும். மெல்லிய முனையைக் கேன்வாஸ் பக்கமும் தடித்த முனையைக் கைப்பக்கமும் வையுங்கள். பி.வி.சி. குழாய் வளைகிறது. உள்ளே ஒரு மரக்குச்சியைச் செருகினால் வளையாது, ஆனால் அப்போது அந்தக் குச்சியையே பயன்படுத்திவிட்டுப் போகலாமே. வரைபடத்தாள் சுற்றிவரும் அட்டைக் குழாய் ஆச்சரியமான விறைப்புடன் இருந்தது. ஐந்து செ.மீ. தடிமன் என்பதால் பேலட்டோடு (பெயிண்ட் கலக்கும் பலகை) சேர்த்துப் பிடிக்க முடியவில்லை, விட்டுவிட்டேன். பழைய குடையின் கம்பி குட்டை, ஆனால் சின்னப் படங்களுக்குப் போதும்.

கடைசியில் என்னோடு தங்கியது வீட்டு மாப் கட்டை. மாப்பின் தலை உடைந்துபோய்க் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அலுமினியக் குழாய், 22 மி.மீ. விட்டம், இறகு மாதிரி எடை. ஹாக்ஸா பிளேடால் 85 செ.மீ.க்கு அறுத்தேன். அறுத்த வாயை அரத்தால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விரலைக் கிழிக்கும். பிடிக்கும் முனையில் ஒரு சாண் அளவுக்குத் துணி டேப் சுற்றியிருக்கிறேன், உள்ளங்கை வியர்த்தாலும் வழுக்காது.

நீளம் உங்கள் கேன்வாஸைப் பொறுத்தது. குச்சியின் தலை கேன்வாஸின் எதிர்ப்பக்க விளிம்பைத் தொட்டிருக்க, கைப்பிடி உங்கள் இடது இடுப்பருகே வர வேண்டும். 60க்கு 75 செ.மீ. கேன்வாஸ்வரை எனக்கு 85 போதுகிறது. முதலில் நீளமாகவே வெட்டுங்கள், ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு மிச்சத்தை அறுக்கலாம். நான் முதல் குச்சியை 60க்கு வெட்டிவிட்டு, கேன்வாஸோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

தலை

குச்சியின் கேன்வாஸ் பக்க முனையில் உருண்டையாக ஒரு மெத்தை வேண்டும். கேன்வாஸைக் கீறாமலும் வழுக்கிப் போகாமலும் இருப்பதற்கு.

டென்னிஸ் பந்தைத்தான் முதலில் மாட்டினேன். கூட்டல் குறி மாதிரி கீறிக் குச்சியைத் திணித்தால் ஒரு நிமிட வேலை. இரண்டு தொல்லைகள் வந்தன. பந்து சுமார் 57 கிராம். கேட்க அற்பமாகத் தெரியும். குச்சியின் தூரத்து முனையில் அது தொங்கும்போது அரை மணி நேரத்தில் இடது கை வலிக்கிறது. இரண்டாவது, அதன் ரோமம். ஒரு நாள் அது ஈரமான நீலத்தில் பட்டது எனக்குத் தெரியவில்லை. அடுத்து எங்கெங்கே ஊன்றினேனோ அங்கெல்லாம் நீல முத்திரை. அக்காவின் இரண்டாவது படத்தில் கன்னத்தில் ஒன்று இருக்கிறது. அம்மை வந்த மாதிரி இருக்கிறதே என்றாள்.

இப்போது செய்வது இப்படி. பழைய பருத்தி பனியனை மூன்று செ.மீ. அகல நாடாக்களாகக் கிழித்துக்கொள்ளுங்கள். குச்சி முனையிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி அரத்தால் சுற்றிலும் ஒரு பள்ளம் போடுங்கள். கட்டும் நூல் நழுவாமல் இருக்க அதுதான் ஆதாரம். குழாய் என்றால் வாயைத் தக்கையால் அடைத்துவிடுங்கள். தகடு மெல்லியது, அதில் பள்ளம் போடாமல் துணி டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றி மேடு கட்டினால் நூல் அதற்குக் கீழே நிற்கும். நாடாவை முனையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, நூல்கண்டு சுற்றுகிற மாதிரி, இறுக்கிச் சுற்றுங்கள். எலுமிச்சம்பழ அளவு வந்ததும் நிறுத்துங்கள். மேலே ஒரு மெல்லிய தோல் துண்டு, பழைய கையுறையிலோ கார் துடைக்கும் ஷாமியிலோ வெட்டியது, பையைக் கட்டுவதுபோல் மூடிப் பள்ளத்தில் நூலால் கட்டுங்கள். தோல் இல்லையென்றால் நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி. கம்பளியும் பஞ்சும் வெளியே தெரியக் கூடாது, இழை பிரிந்து பெயிண்டில் ஒட்டும். ஸ்பாஞ்ச் நாளடைவில் பொடியாக உதிரும்.

பசை போட வேண்டாம். உறை அழுக்கானதும் அவிழ்த்து மாற்ற வேண்டும். உறை வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். கறுப்புத் தோலில் ஒட்டியிருக்கும் பெயிண்ட் கண்ணில் படாது. அந்த நீல முத்திரைக் கதைதான் திரும்ப வரும்.

பிடிக்கும் விதம்

வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பிடி இடது கையில். பேலட்டும் அதே கையில் என்றால், பேலட்டுக்குக் கீழே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் குச்சியை வளைத்துப் பிடிக்கும். முதல் நாள் இதெல்லாம் சர்க்கஸ் போலிருக்கும். பேலட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டே பழகுங்கள்.

குச்சி இடது கீழிலிருந்து வலது மேலாகச் சாய்ந்து நிற்கட்டும். தலை கேன்வாஸின் வலது விளிம்பில், பின்னால் மரச்சட்டம் இருக்கும் இடத்தில் ஊன்றும். கேன்வாஸின் நடுவில் ஊன்றாதீர்கள். அங்கே பின்னால் ஒன்றும் இல்லை. முரசுத் தோல் மாதிரி குதிக்கும், கையும் சேர்ந்து குதிக்கும். வேறு வழியில்லாமல் நடுவில் ஊன்ற வேண்டுமென்றால், கேன்வாஸின் பின்பக்கச் சட்டத்துக்குள் அடங்குமாறு ஒரு கெட்டி அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வலது மணிக்கட்டைக் குச்சிமேல் வையுங்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் சேரும் அந்தச் சதைப்பற்றான இடம். கையின் பாரத்தைக் கேன்வாஸ் சுமக்கிறதா, இடது கை சுமக்கிறதா என்று கவனியுங்கள். எனக்குப் பிடிபட மாதக்கணக்கானது இந்த ஒரு விஷயம்தான். தலை கேன்வாஸை மெல்லத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், பாரத்தில் பெரும்பங்கு இடது கைக்குப் போக வேண்டும். நான் மொத்த பாரத்தையும் தலையில் இறக்கியதால் ஒரு கேன்வாஸில் குழி விழுந்தது. (சின்னக் குழியென்றால் பின்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் பெரும்பாலும் இழுத்துக்கொள்ளும். உங்கள் சொந்தப் புதுக் கேன்வாஸில் மட்டும் இதைச் செய்யுங்கள், பழைய படங்களில் கை வைக்காதீர்கள்.)

பழகிய பிறகு இடது கை சும்மா இருக்காது. அதை ஒரு விரற்கடை தூக்கினால் குச்சியே ஏறும், வலது கையும் அதோடு ஏறும். உதட்டின் வளைவு, புருவம் போன்ற கோடுகளை நான் இப்படித்தான் போடுகிறேன். வலது விரல்கள் அசையாது, இடது கை குச்சியை மெதுவாக ஏற்றி இறக்கும், பிரஷ் ஒரு வில்லாக நகரும். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டைக் குச்சியின் மேல் வழுக்க விடுங்கள். மரக்குச்சி என்றால் மெழுகை ஒருமுறை தேய்த்து வையுங்கள், சுகமாக ஓடும்.

மூச்சையும் சொல்ல வேண்டும். புள்ளி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாதி வெளியே விட்டபின் வருகிற அந்தச் சின்ன இடைவேளையில் வையுங்கள். எனக்கு வேலை செய்கிறது.

டி-ஸ்கொயர் தொங்கல்

சிலருக்கு இடது கையும் சோர்ந்துவிடும், அல்லது அந்தக் கையில் வேறு வேலை இருக்கும். அப்போது யாரும் பிடிக்காமல் தானே நிற்கும் தாங்கல் வேண்டும். என்னிடம் ஒரு பழைய டி-ஸ்கொயர், அதாவது கட்டட வரைபடம் போடும் T வடிவ ஸ்கேல், இருந்தது, ஆணியில் தொங்கிக்கொண்டு. அதையே தலைகீழாகச் சிந்தித்தேன்: அதன் குறுக்குத் தலையைக் கேன்வாஸின் மேல் விளிம்பில் மாட்டினால் நீளப்பட்டை செங்குத்தாகத் தொங்குமே.

அப்படியே மாட்டினால் பட்டை ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். தலையையும் பட்டையையும் இணைக்கும் திருகுகளைக் கழற்றி, நடுவில் மூன்று செ.மீ. தடிமனுள்ள மரத்துண்டை வைத்து நீளத் திருகுகளால் முடுக்கினேன். இப்போது தலை கேன்வாஸின் விளிம்புக்குப் பின்னால் பிடிக்கிறது, பட்டை மூன்று செ.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது. கீழ்முனை ஆடாமல் இருக்க அங்கேயும் அதே தடிமனில் ஒரு துண்டு ஒட்டி, ஈசலின் கீழ்த் தட்டோடு ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறேன். பட்டையின் விளிம்பில் மணிக்கட்டைச் சாய்த்து வரையலாம். இடம் மாற்ற வேண்டுமென்றால் ரப்பர் பேண்டைக் கழற்றிப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நடுவில் ஈசலின் மேல் பிடி தடுக்கும், எடுத்து மறுபக்கம் மாட்டுங்கள்.

டி-ஸ்கொயர் எல்லோர் வீட்டிலும் இருக்காது என்று தெரியும். வளைந்த பிடியுள்ள கைத்தடியின் கொக்கியை மேல் விளிம்பில் மாட்டினாலும் இதே வேலை ஆகும். அல்லது நேராக ஒரு மர ரீப்பரை ஈசலின் இரு பக்கத் தூண்களிலும் கிளாம்ப் போட்டுக் குறுக்கே நிறுத்தலாம். இது படகுத் துறையின் கைப்பிடி மாதிரி உறுதியாக நிற்கும். ஒவ்வொரு முறையும் கிளாம்பைத் திருகி உயரம் மாற்றுவதுதான் எரிச்சல். ஒரே உயரத்தில் நிறைய வேலை, உதாரணமாகப் படத்தின் குறுக்கே ஓடும் வேலியோ எழுத்து வரிசையோ இருந்தால் மட்டும் இதைப் போடுகிறேன்.

நேர்க்கோடு

கப்பலின் பாய்மரம், மின்கம்பி, ஜன்னல் சட்டம். வெறும் கோல்மேல் கை வைத்து இவற்றைப் போட முடியாது, விளிம்பு வேண்டும். மர ஸ்கேலின் இரு முனைகளிலும் அடிப்பக்கத்தில் தக்கைத் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேல் கேன்வாஸைத் தொடாமல் பாலம் மாதிரி நிற்கும். தக்கைகள் காய்ந்த இடத்திலோ கேன்வாஸுக்கு வெளியிலோ வருமாறு வைத்து, பிரஷின் உலோகப் பூணை விளிம்போடு ஒட்டி இழுங்கள். பூண்தான் ஸ்கேலைத் தொட வேண்டும். மயிர் தொட்டால் பெயிண்ட் ஸ்கேலுக்கு அடியில் ஊறிப் போய்விடும். இழுக்கும்போது விரல் அசையக் கூடாது, கை முழுவதும் சேர்ந்து நகர வேண்டும். பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு தெரியும்.

கருவி எதுவும் இல்லாதபோது

இன்னொரு பிரஷை இடது கையில் எடுத்து, அதன் நுனியைச் சட்டத்தின் விளிம்பில் ஊன்றி, அதன் தண்டின் மேல் வலது கையை வைக்கலாம். 30 செ.மீ.க்கு உட்பட்ட படங்களுக்கு இது போதும். அதுவும் இல்லையா, இடது கையை முஷ்டியாக்கிச் சட்டத்தில் ஊன்றி அதன் மேல் வலது மணிக்கட்டை வையுங்கள். காய்ந்த பகுதியில் சுண்டுவிரலை நீட்டி ஊன்றுவதும் சரிதான், விரலைத் துடைத்துவிட்டு. காய்ந்துவிட்டது என்று நீங்கள் நம்புவது வேறு, பெயிண்ட் காய்ந்திருப்பது வேறு. அக்ரிலிக்கில் நம்பலாம், ஆயிலில் நாள்கணக்கில் ஆகும்.

பிரஷில் எடை கட்டினால் நடுக்கம் குறையும் என்று கேட்டு, தண்டில் இரண்டு இரும்பு நட்டுகளை மாட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம் நன்றாக இருந்தது, அப்புறம் கை கடுத்தது. தண்டின் மேல் துணி டேப் சுற்றித் தடியாக்கியது அதைவிடப் பலன் தந்தது. மெல்லிய தண்டை இறுக்கிப் பிடிப்பதே நடுக்கத்தைக் கூட்டுகிறது.

எப்போது வைத்துவிட வேண்டும்

கோல் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு படம் முழுவதையும் அதன்மேல் கை வைத்தே வரைந்தேன். மேகத்துக்குக்கூட. படம் தபால்தலை மாதிரி விறைத்துப்போய் வந்தது. பெரிய வடிவங்கள், வானம், பின்னணி இதற்கெல்லாம் தோளிலிருந்து வரும் வீச்சு வேண்டும், அங்கே கோல் விலங்கு. இப்போது நான் கோலை எடுப்பது படத்தின் கடைசிப் பகுதியில்தான். அதுவரை ஈசலின் பக்கத்தில் கொக்கியில் தொங்கும், தலை மேலே இருக்கும்படி. கீழே சாய்த்து வைத்தால் தலை தரைத் தூசியையெல்லாம் ஒற்றி எடுத்து, ஈரக் கேன்வாஸில் கொண்டு போய்ச் சேர்க்கும்.

கீழ்ப்பகுதியில் நுணுக்க வேலை வந்தால் கோலுக்குச் சாய இடம் இருக்காது. கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி ஈசலில் வைத்துவிடுங்கள், கீழே இருந்தது நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். முகத்தைத் தலைகீழாகப் பார்ப்பது முதலில் சங்கடமாக இருந்தாலும் கோடு நன்றாகவே வரும். வலது கீழ் மூலையில் போடும் கையெழுத்துக்கு மட்டும் இந்த வித்தை உதவாது. தலைகீழாக என் பெயரை எழுத முயன்று ஒரு படத்தில் கடைசி எழுத்து இடமில்லாமல் சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் படத்தை இறக்கி மேசையில் படுக்க வைக்கிறேன். இரண்டு பக்கமும் கேன்வாஸைவிட உயரமாகப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் குறுக்கே அந்தத் தக்கை ஒட்டிய ஸ்கேலைப் போட்டு, அதில் கையைச் சாய்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். கீழே பலகை, மேலே பேனா பிடிக்கிற மாதிரி பிரஷ். அக்காவின் மூன்றாவது படத்தில் கண்ணின் புள்ளியும் சரியாக விழுந்திருக்கிறது, கையெழுத்தும் வரைபடத்தில் போடுவேனே, அதே மாதிரி இருக்கிறது.